திரிசூலம் வரைக்கும் ஒரே மூச்சு

என் வீட்டுக்காரரிடம் இருப்பது மொத்தம் மூன்றே வார்த்தைகள்: "ம்", "சரி", "பார்க்கலாம்". பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அப்பா, "பொண்ணைப் பிடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டதற்கும் "ம்"தான். அந்த ஒரு "ம்"மை நம்பி சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, மண்டபம் பிடித்து, பிரியாணிக்கு ஆள் சொல்லி என்னைக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான புதிதில், "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று சண்டை பிடிப்பேன். அதற்கும் "ம்". போகப்போக விட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டேன்.

எனக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுத்து ரிட்டயர் ஆனவள் நான். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தித் தொண்டை அப்படியே செட்டாகிவிட்டது. வீட்டில் "உப்பை எடுங்க" என்று சொன்னால் மாடி வீட்டு அம்மா உப்போடு இறங்கி வந்து நிற்பார். சர்ச் பாடகர் குழுவில் நான் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். என் வீட்டுக்காரரும் ஞாயிறு தவறாமல் என் கண்ணுக்கு நேரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உதடு அசையும். சத்தம் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு நெஞ்சுவலி வந்தால் எப்படி வரும்? அவரைப் போலவேதான் வந்தது.

சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் கோவளம் போய், படகு கரைக்கு வந்ததும் மீன் வாங்கி வருவது அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம். அன்றைக்கும் போனார், வந்தார். வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டார். கவரைப் போட்டு மூடினார். சமையலறைக்கு வந்து மீன் பையை சிங்க்கில் வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு மாடி வீட்டு மோட்டார் விவகாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், "மீனை ஃப்ரிட்ஜில வை," என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கேளம்பாக்கம் தாண்டும்போதே வலி ஆரம்பித்துவிட்டதாம். அங்கிருந்து வீடு வரைக்கும் அதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, சிக்னல் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "வழியில நிறுத்தி ஒரு போன் போட்டா என்ன?" என்று ஐ.சி.யூ. வாசலில் வைத்தே கத்தினேன். நர்ஸ் வந்து என்னைத்தான் வெளியே அனுப்பினாள்.

ஸ்டென்ட் வைத்தார்கள். ஆண்டவர் கிருபையில் ஆள் பிழைத்துவிட்டார். அந்த மீனை மட்டும் நான் ஆக்கவே இல்லை, எடுத்து மாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் கனடாவில் இருக்கிற எங்கள் ஒரே மகள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம். ஜனவரி கடைசியில் என்று தேதி கொடுத்திருந்தார்கள். நானும் அவரும் போய் மூன்று மாதம் கூட இருப்பதாக ஏற்பாடு, டிக்கெட்டும் போட்டாயிற்று. டாக்டர் என்னடாவென்றால், "டிசம்பர்ல டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஒரு டெஸ்ட் பார்ப்பேன். அது சரியா வந்தா ஃப்ளைட் ஏறுங்க. இல்லைன்னா இந்த வருஷம் வேண்டாம்," என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் நான் மட்டும் போவதா? எப்படிப் போவேன்? இந்த ஆளுக்கு மறுபடி வலி வந்தால் யாரிடம் சொல்வார், சுவரிடமா? போகாமல் இருந்தால் பெற்ற பெண் அங்கே பனியில் தனியாகப் பிள்ளை பெற வேண்டும். தனியாக என்றுகூடச் சொல்ல முடியாது. நாகர்கோவிலில் எங்கள் சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் அம்மா, பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். "நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க மைனி, நான் போய்ப் பார்த்துக்கிடுதேன்," என்று வாரத்துக்கு ஒரு போன். நல்ல மனுஷிதான், குறையே சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆக, அந்த டெஸ்டில் அவர் பாஸ் பண்ணியாக வேண்டும். அதற்கு தினமும் நடக்க வேண்டும். சும்மா நடந்தால் போதாது, "ஸோன் டூ"வில் நடக்க வேண்டும் என்று மகள் போனில் ஒரு பாடமே எடுத்தாள். இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதை ஐந்து பாகமாகப் பிரித்திருக்கிறார்களாம். முதல் ஸோன் உலாத்துவது. ஐந்தாவது ஸோன் நாய் துரத்தும்போது ஓடுவது. இதய நோயாளிக்கு இரண்டாவதுதான் பத்திய சாப்பாடு மாதிரி, காரமும் இல்லாமல் சப்பென்றும் இல்லாமல். இதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு கைக்கடிகாரத்தை யாரிடமோ கொடுத்து அனுப்பினாள்.

அதை மாட்டுவதற்குள் ஒரு சண்டை. வயசு என்ன என்று கேட்டது கடிகாரம். இருநூற்றிருபதிலிருந்து வயசைக் கழித்துத்தான் அது ஸோன் கணக்கே போடுமாம். இவருக்கோ இரண்டு வயசு. சின்ன வயசில் வீட்டில் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட இவர் அப்பா, ஹெட்மாஸ்டர் கேட்டபோது இரண்டு வருஷம் கூட்டிச் சொல்லி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியும் கொடுத்துவிட்டார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். சர்டிபிகேட்படி அறுபத்து மூன்று, நிஜத்தில் அறுபத்தொன்று.

"நிஜ வயசைப் போடுங்க," என்றேன்.

"ரெக்கார்டுல அறுபத்து மூணு," என்றார். ஒரு அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவர். ரெக்கார்டில் இருப்பதுதான் அவருக்கு நிஜம்.

"உங்க ஹார்ட் என்ன சர்டிபிகேட் பார்த்தா துடிக்குது? அது பொறந்த தேதியிலிருந்துதானே துடிக்குது?"

"ம்," என்று சொல்லிவிட்டு அறுபத்து மூன்றையே போட்டார்.

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனோம். எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். கேட்டில் ஆரம்பித்தால் முதலில் பம்ப் ரூம், அப்புறம் மதகு, அப்புறம் வளைந்து மறுபடியும் கேட். நான் கேட்டில் ஆரம்பிக்கிற கதை மதகு தாண்டியும் ஓடும். அவர் பக்கத்தில் கேட்டுக்கொண்டு வருவார், அல்லது வருகிற மாதிரி இருப்பார். எனக்கு முட்டிவலி உண்டு. அவரோடு சேர்ந்து நடக்க வேண்டுமே என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்புவேன்.

கடிகாரம் "ஸோன் ஒன்று, வேகத்தைக் கூட்டவும்" என்று அதிர்ந்தது. கூட்டினார். மறுபடி அதே. இன்னும் கூட்டினார். கீழ்ப்படிதலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பம்ப் ரூம் தாண்டியபோது ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தார். என்னால் தொடர முடியவில்லை. மதகுப் பக்கம் போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முகமெல்லாம் வேர்வை, நெஞ்சு விம்மி விம்மி இறங்குகிறது. கடிகாரத்தைப் பார்த்தேன். "ஸோன் ஒன்று, வேகத்தைக் கூட்டவும்."

எனக்கு உசுரே போய்விட்டது. கழற்றி ஏரியில் எறியத்தான் போனேன். மகள் வாங்கிக் கொடுத்தது என்று பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அங்கே பிசியோதெரபி பார்க்கிற பெண், எங்கள் மகள் வயசுதான் இருக்கும், கடிகாரத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மேடம், சார் சாப்பிடற மாத்திரையில ஒண்ணு ஹார்ட்டை வேகமா துடிக்க விடாமப் பிடிச்சு வச்சிருக்கு. அவர் மாடிப்படி ஏறினாலும் துடிப்பு பெரிசா ஏறாது. இந்த வாட்ச்சுக்கு அது எப்படித் தெரியும்? அது வயசை வச்சு பொதுவா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டு விரட்டுது."

"அப்ப வயசு அறுபத்தொண்ணா, அறுபத்து மூணான்னு..."

"எதைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை மேடம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

"அப்ப எதை வச்சுத்தான்மா ஸோனைக் கண்டுபிடிக்கிறது?"

"வாயை வச்சு," என்றாள். "நடக்கும்போது பேச வரணும், பாட வரக்கூடாது. பாட்டே பாட முடியுதுன்னா ரொம்ப மெதுவா நடக்கறீங்க. நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியலைன்னா ரொம்ப வேகம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் சாரோட ஸோன். அதனால நடக்கும்போது சார் பேசிக்கிட்டே நடக்கணும்."

நான் சிரித்தேன் பாருங்கள், அடக்கவே முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். என்ன வைத்தியம், யாருக்கு வைத்தியம்! இவரை வாயை வைத்து அளக்க வேண்டுமாம்!

மறுநாள் காலை கேட்டுக்குள் நுழைந்ததும், "ம், பேசுங்க," என்றேன்.

"என்ன பேச?"

"ஏதாவது பேசுங்க. ஊர் உலகத்துல விஷயமா இல்ல?"

பம்ப் ரூம் வரைக்கும் யோசித்தார். "மழை வரும்போல," என்றார். அன்றைய கணக்கு அதோடு முடிந்தது. அடுத்த நாள், "நேத்து மழை வரலை," என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பேப்பரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். சங்கீதம் சொல்லுங்கள் என்றேன். "அது ஜெபத்துக்கு," என்றார். இப்படியே போனால் கனடாவுக்கு நாகர்கோவில்தான் போகும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஒரு பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்கறதுக்காவது அந்த வாயைத் திறக்கக் கூடாதா?" என்று நடைபாதையிலேயே கேட்டேன். குரலும் உடைந்துவிட்டது. நடக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நாலு அடி நடந்தார். அப்புறம், மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம்," என்றார். மூச்சு வாங்கினார். "மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கிய மனுஷன். சிரமப்படாமல் அவர் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தைகள் உலகத்தில் இவைதான்.

பிசியோதெரபி பெண்ணிடம் சொன்னோம். அவள் தினம் பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருகிறவள். கைதட்டிச் சிரித்துவிட்டு, அவரை வராந்தாவில் நடக்கவிட்டு, பக்கத்தில் நடந்துகொண்டே காது கொடுத்துக் கேட்டாள். "சூப்பர் சார். ஒரே மூச்சில திரிசூலம் வரைக்கும் போனா அதுதான் உங்க ஸோன். நிக்காம கிண்டிக்குப் போயிட்டா வேகத்தைக் கூட்டுங்க. குரோம்பேட்டையிலேயே மூச்சு வாங்கினா உடனே குறைச்சிடுங்க." திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். நான் அதை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். அவர் "சரி" என்றார்.

அதற்கப்புறம் ஏரிக்கரையில் ரயில் ஓட ஆரம்பித்தது. காலையில் நடக்க வருகிற ரிட்டயர்டு ஆட்கள் எல்லோரும் அந்த லைனில் வாழ்நாளைக் கழித்தவர்கள்தானே? ஒருநாள் எதிரே வந்த ஒருவர், எங்களுக்கு அறிமுகமே இல்லாதவர், "சார், பழவந்தாங்கலை விட்டுட்டீங்க," என்று திருத்திவிட்டுப் போனார். இன்னொருவர் பின்னாலேயே வந்து, "ஃபாஸ்ட் லோக்கலா சார்?" என்றார். கேட் பக்கத்தில் இளநீர் வெட்டுகிற அக்கா தினம் இவரைக் கண்டதும், "இன்னா சார், டிரெயின் எந்த ஸ்டேஷன்ல கீது?" என்று கத்துவார். என் வீட்டுக்காரர், முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் ஒரு கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்லாதவர், நின்று நிதானமாக, "திரிசூலம்மா," என்று பதில் சொல்வார். அந்த அக்கா மேல் எனக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது.

நவம்பர் மழையிலும் குடையோடு போனோம். அவர் முகம் தெளிந்தது. தொப்பை இறங்கியது. முன்பு திரிசூலத்துக்கு நடந்த அதே வேகத்தில் இப்போது சைதாப்பேட்டை வரைக்கும் போனார். அதனால் வேகத்தைக் கூட்டினார். நான் கொஞ்சம் பின்தங்கினேன். முட்டி என்று சொல்லிக்கொண்டு மாத்திரையை இரண்டாக்கிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பாடகர் குழுவில் கிறிஸ்துமஸுக்கு என்ன நிறச் சேலை என்று பெரிய சண்டை. மேல்குரல் பாடுகிற சோப்ரானோக்காரர்களுக்கு மெரூன்தான் வேண்டுமாம். மெரூனில் நாங்கள் ஆல்டோக்காரர்கள் எல்லாம் செங்கல் சூளையிலிருந்து வந்த மாதிரி இருப்போம். ஒருநாள் பிராக்டீஸில் சண்டை முற்றி, கீபோர்டுக்காரர் கோபித்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கிவிட்டார். இதை மறுநாள் காலை சூடாக அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். "அப்பப் பார்த்து அந்த சோப்ரானோ அக்கா எழுந்திரிச்சு..." என்ற இடத்தில் பம்ப் ரூம் வந்துவிட்டது. "சரி, மிச்சம் அப்புறம். நீங்க ஆரம்பிங்க," என்றேன். அவருடைய வைத்தியம் பேச்சு, அதில் நான் குறுக்கே புகுந்தால் எப்படி? அப்போதெல்லாம் பம்ப் ரூம் வந்தாலே, "நீங்க சொல்லுங்க," என்று விட்டுக்கொடுத்துவிடுவேன். என் பொறுமையை நானே மெச்சிக்கொண்டேன்.

டெஸ்ட் நாள் வந்தது. இடுப்பில் பெட்டி, நெஞ்சு நிறைய ஒயர், டிரெட்மில் மேலே அவர். பக்கத்தில் டாக்டர், பிசியோதெரபி பெண். ரொம்பக் கெஞ்சிக் கேட்டதால் என்னைக் கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்கார விட்டார்கள், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. மெஷின் மெதுவாக ஓட ஆரம்பித்தது.

"சார், மூச்சு எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"கோடம்பாக்கம்," என்றார் இவர்.

டாக்டர் திடுக்கிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். "நல்லா இருக்கார் சார், ஈஸியா இருக்கு," என்று அவள் மொழிபெயர்த்தாள். மெஷினைச் சரிவாகத் தூக்கி வேகத்தைக் கூட்டினார்கள். "கிண்டி." மறுபடி கூட்டினார்கள். "திரிசூலம்." நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கூட்டினார்கள். "பல்லாவரம்," என்றார், கொஞ்சம் திணறலோடு. எனக்குள்ளே ஆண்டவரே ஆண்டவரே என்று ஓடிக்கொண்டிருந்தது. "குரோம்பேட்டை" என்று வந்ததும் அந்தப் பெண், "போதும் சார்," என்று நிறுத்தினாள். டாக்டர் காகிதத்தை நீளமாக இழுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அருமையா இருக்கு," என்றார். "தாராளமா கனடா போயிட்டு வாங்க."

எழுந்து ஸ்தோத்திரம் சொல்லப் போனேன். அதற்குள் என் வீட்டுக்காரர், ஒயரோடு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "டாக்டர், ஒரு விஷயம்," என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவராக ஒரு பேச்சை ஆரம்பித்து நான் பார்த்ததே இல்லை.

"இவளைக் கொஞ்சம் பாருங்க," என்றார். "முன்னெல்லாம் ஏரியைச் சுத்தி வரும்போது கேட்டுல பேச ஆரம்பிச்சா மதகு தாண்டியும் நிறுத்த மாட்டா. அக்டோபர்ல மதகுக்கு முன்னாடியே நின்னுச்சு. இப்ப பம்ப் ரூம் வந்தாலே பேச்சு நின்னுடுது. பாதிக் கதையில நின்னுடுது. 'நீங்க சொல்லுங்க'ன்னு சொல்றா." மூச்சு வாங்கினார். "கல்யாணமான நாள்லேர்ந்து அவ ஒரு நாளும் தன் கதையை விட்டுட்டு என்னைச் சொல்லச் சொன்னதில்லை டாக்டர்."

  பிசியோதெரபி பெண் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பே இல்லை.

டாக்டர் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "என்னம்மா இது, இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றார். படி ஏறினால் எப்படி இருக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். முட்டிவலி மாத்திரையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே அட்மிட் பண்ணினார்கள். நானாக வாங்கி வாங்கிப் போட்ட மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருந்ததாம். நான் வயசு என்று நினைத்தேன், முட்டி என்று நினைத்தேன், என் பெருந்தன்மை என்றுகூட நினைத்தேன். இதே நிலையில் ஃப்ளைட் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ரத்தம் ஏற்றினார்கள். டிக்கெட்டை பிப்ரவரிக்குத் தள்ளிப்போட்டோம். பிரசவத்துக்கு நாகர்கோவில்தான் முந்திக்கொண்டது. "ஒடம்பைப் பாருங்க மைனி, பிள்ளையை நான் பார்த்துக்கிடுதேன்," என்று ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணினார். வைத்ததும் நான் கொஞ்ச நேரம் அழுதேன். ஆத்திரம் பாதி, நன்றி பாதி.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். "அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கணுமா? வீட்டிலேயே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது?"

"சொன்னேன்," என்றார். "ரெண்டு தடவை."

"எப்போ?"

"நீ பேசிட்டிருந்தே."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "நீங்க ரோட்டைப் பாருங்கண்ணா," என்று அவர் மேல் பாய்ந்தேன். அதற்கே எனக்கு மூச்சு வாங்கியது.

இரண்டு வாரம் கழித்து ஏரிக்கரைக்குப் போக அனுமதி கிடைத்தது, மெதுவாக, எனக்கு எது முடிகிறதோ அந்த வேகத்தில். இளநீர் அக்கா தூரத்திலேயே பார்த்துவிட்டு, "எக்கா, எங்க ஆளையே காணோம்? சார் தனியா டிரெயின் உட்டுகினு போறாரு, பாக்கவே பேஜாரா இருந்துச்சு," என்றார். கேட்டுக்குள் நுழைந்தோம். நான் எதுவும் ஆரம்பிக்கவில்லை. பயமாக இருந்தது, எங்கே நிற்குமோ என்று. அவரும் ஸ்டேஷன் எதுவும் சொல்லவில்லை. என்னோடு ஒட்டி, என்னைவிட மெதுவாக நடந்தார். அப்படி நடந்தால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது, பாட்டே பாடலாம்.

பம்ப் ரூம் வந்தது. "நீங்க சொல்லுங்க," என்றேன் வழக்கம்போல.

அவர் நின்றார். பம்ப் ரூம் திண்டில் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். தானும் உட்கார்ந்தார்.

"சோப்ரானோ அக்கா எழுந்திரிச்சாங்களே," என்றார். "அப்புறம் என்ன ஆச்சு?"